மூணு தட்டு, ரெண்டு தட்டு

தம்பி, அந்தப் பையக் காலால தள்ளாதீங்க. நல்ல கனம், விரல்ல பட்டா வீங்கிரும். துரு வேற. வெள்ளைச் சட்டை போட்டிருக்கீங்க, ஒரு தடவ ஒட்டுனா எந்த சோப்புக்கும் போகாது. இருங்க, நானே இந்தப் பக்கம் எடுத்து வச்சிக்கிறேன்.

உள்ள என்னன்னுதானே பாக்குறீங்க? பாருங்க, ஒண்ணும் ரகசியம் இல்ல. இரும்புக் குழாய்த் துண்டு. மூணு பக்கம் வாய் இருக்கா? இதுக்கு டீன்னு பேரு. நேராப் போற தண்ணிய பக்கவாட்டுல ஒரு வழி பிரிச்சு விடுறதுக்கு. எங்க வீட்டுத் துவைகல்லுக்கு அடியில பன்னெண்டு வருஷமாக் கெடந்திருக்கு. வீட்டுக்காரன் எனக்குத் தெரியாது. மதுரையில மக வீட்டுக்குப் போறேன், அவகிட்ட காட்டத்தான் அறுத்து எடுத்துட்டுப் போறேன். வாயால சொன்னா நம்ப மாட்டா. அவங்க அம்மாவப் பத்தி ஒரு குறை சொன்னா ஊர்ல யாருமே நம்ப மாட்டாங்க. அவ்வளவு நல்லவ!

நான் யாருன்னு சொல்லலையே. செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்த ரூட்டுப் பழைய கண்டக்டர்கிட்ட சங்கரலிங்கம்னு சொல்லிப் பாருங்க, இன்னைக்கும் எந்திரிச்சு நிப்பான். பஸ்ஸுல ஏறி நின்னு ஒரு பார்வை பாத்தாப் போதும், எவன் டிக்கெட் எடுக்கலன்னு மூஞ்சியே சொல்லிரும். ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குறவன். தேடாத பையத் தேடுறவன். ரொம்ப மரியாதையா இடம் குடுக்குறவன். ஒருத்தன விட்டது கெடையாது. பிள்ளைத்தாச்சியா, வயசானவங்களா, பாத்தது கெடையாது. ஒழுங்குன்னா ஒழுங்கு. அப்பேர்ப்பட்ட என் கண்ணுல, என் சொந்த வீட்ல, கட்டுனவளே மண்ணத் தூவியிருக்கா. சொல்ல வாய் கூசுது. ஆனா சொல்லாம இருக்க முடியல பாத்துக்கோங்க.

மொதல்லருந்து சொன்னாத்தான் புரியும். எங்க அப்பா விட்டுட்டுப் போனது ஒரே வீடு. நீளமான வீடு. முன்கட்டு, பின்கட்டு. முன்கட்டுல தெருவப் பாத்த வாசல், முனிசிபாலிட்டிக் குழாய். பின்கட்டுல கிணறு, பின்னால ஒரு சந்து. ஆம்பளப் பிள்ளைங்க நாங்க ரெண்டு பேரு, நானும் என் தம்பி காளிராஜும். பதிமூணு வருஷத்துக்கு முன்னால பாகம் பிரிச்சோம். சண்டை சச்சரவு ஒண்ணும் இல்ல. யாருக்கு எதுன்னு சீட்டுப் போட்டு எடுத்துக்குவோம்னு பேச்சு. சீட்டு எழுதுனது நான்தான். வீட்ல பழைய டிக்கெட் கட்டு கெடந்துச்சு, ரெண்டக் கிழிச்சு பின்பக்கம் எழுதி, மடிச்சு சொம்புல போட்டேன்.

தாய்மாமா முன்னால உக்காந்திருக்காரு. "மூத்தவன் நீ எடுப்பா"ங்கிறாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேண்டாம் மாமா, சின்னவன் எடுக்கட்டும்"னேன். அந்த மனசு யாருக்கு வரும்? அவன் கைய விட்டான், எடுத்தான், பிரிச்சான். பின்கட்டு. "சரிண்ணே"ன்னான். அவ்வளவுதான். அவனுக்குப் பின்கட்டுன்னா எனக்கு முன்கட்டு. மிச்சச் சீட்ட எதுக்குப் பிரிக்கணும்? எடுத்து சட்டப்பையில போட்டேன், காப்பி குடிச்சோம், முடிஞ்சது. மூத்தவன் முன்னால இருக்கிறதும் சின்னவன் பின்னால இருக்கிறதும்தானே எங்கயும் வழக்கம்? கடவுளும் பாத்து அப்படியே குடுத்தாரு.

ஒரு வருஷம் நல்லாத்தான் போச்சு. அந்தக் கோடையில கிணத்துத் தண்ணி உப்பாயிருச்சு. வாயில வைக்க முடியாது, சோறு மஞ்சளா வரும், பருப்பு வேகாது. அதுக்கு நான் என்ன பண்ண? தம்பி வந்தான். "அண்ணே, உங்க குழாய்லருந்து ஒரு லைன் இழுத்துக்கிறேன்"னான். முடியாதுன்னேன். "அப்ப தனியா எழுதிக் குடுத்து வாங்கிக்கிறேன், உங்க முற்றம் வழியாத்தான் வரணும், ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னான். அதுக்கும் முடியாதுன்னேன். சீட்டுல விழுந்தது விழுந்ததுதானே? இன்னைக்குக் குழாயில இடம் குடுத்தா நாளைக்கு வாசல்ல கேப்பான், அப்புறம் பாகத்தையே திரும்பப் பேசலாம்பான். பாகம்னா ஒரு தடவதான். நடுவுல இருந்த நடைய அடைச்சுச் சுவர் வச்சேன். அதுலருந்து அவன் என்கூடப் பேசல. நானும் பேசல.

எங்க ஊருல எட்டு நாளைக்கு ஒரு தடவதான் தண்ணி. காலையில வரும், ரெண்டு மணி நேரம் வரும். அன்னைக்குப் பொம்பளைங்க எல்லாம் வேற சோலி பாக்க மாட்டாங்க. குடம், அண்டா, டிரம்மு, கடைசியில டம்ளர் வரைக்கும் பிடிச்சு வச்சாத்தான் ஆச்சு. எட்டு நாள் ஓட்டணும்ல.

இப்ப என் வீட்டுக்காரியப் பத்திச் சொல்லணும். பேரு சீனியம்மா. பேச்சே கெடையாது. நான் பத்து வார்த்தை பேசுனா "ம்"னு ஒண்ணு வரும். தண்ணி வர்ற அன்னைக்கு ஒரு பழக்கம் வச்சிருந்தா. முற்றத்துக் குழாய இரும்புக் கரண்டியால தட்டுவா. டங், டங், டங். மூணு தட்டு. கொஞ்ச நேரம் கழிச்சு, நான் குளிச்சுட்டு ஈர வேட்டியோட வர்ற நேரத்துக்கு, டங், டங். ரெண்டு தட்டு. "எதுக்குடி தட்டுற?"ன்னு கேட்டேன். "உள்ள காத்து அடைச்சிருக்கும், தட்டுனா விட்டுப் போகும்"னா. சரியாத்தானே இருக்கு? நான் அத நம்பி, தம்பி, தெருப்பூரா சொல்லிக் குடுத்தேன். "என்னம்மா தண்ணி சன்னமா வருதா, குழாயத் தட்டுங்க, மொதல்ல மூணு, அப்புறம் ரெண்டு." எதுத்த வீட்டு அம்மா முந்தானைய வச்சு வாயப் பொத்திக்கிட்டு உள்ள ஓடும். மரியாதைக்கு ஓடுதுன்னு நெனச்சேன்.

என் மக ரேணுகாவும் தட்டும். அப்ப அதுக்குப் பதினாலு வயசு, பதினஞ்சு வயசு. அம்மா கை வேலையா இருந்தா இது கரண்டிய எடுத்துக்கும். அவ்வளவு கணக்காத் தட்டும். சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும், தட்டச் சொன்னாத் தட்டும். அத நான் குறை சொல்ல மாட்டேன். அவ மட்டுந்தான் இன்னைக்கும் என் பக்கம்.

தண்ணி பாதியில சன்னமாயிரும். ஒவ்வொரு தடவையும். மொதல் அரை மணி நேரம் கும்முனு வரும், அப்புறம் நூலு மாதிரி. முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போட்டேன். ஒண்ணா, ரெண்டா? வருஷத்துக்கு நாலு மனு. ஒரு நாள் அங்கருந்து ஒரு ஆள் வந்தாரு. முற்றத்தச் சுத்திப் பாத்தாரு, துவைகல்லப் பாத்தாரு, சீனியம்மாவப் பாத்தாரு. அவ மோர் கொண்டுவந்து குடுத்தா. குடிச்சிட்டு, "குழாய் பழசுங்க, மாத்திருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நானும் அதத்தான் பிடிச்சுக்கிட்டேன். குழாய் பழசு. அப்பா காலத்து இரும்பு. ஆனா சீனியம்மா விடவே மாட்டா. "இன்னும் ரெண்டு வருஷம் வரும்"பா. ரெண்டு வருஷம் கழிச்சுக் கேட்டா இன்னும் ரெண்டு வருஷம்பா. தண்ணி செம்மண்ணாட்டம் வர ஆரம்பிச்சிருச்சு. அவ என் பழைய வேட்டிய நாலா மடிச்சுக் குழாய் வாயில கட்டி வடிகட்டிப் பிடிச்சா. அந்தத் துணிய அலசி அலசிக் கை நகமெல்லாம் பழுப்பாப் போச்சு. ஒரு நாள் அலுத்துக்கிட்டது கெடையாது. எவ்வளவு சிக்கனமான பொம்பளைன்னு நான் ஊரெல்லாம் பெருமை பேசுனேன். எனக்குத்தான் இப்ப மானம் போகுது.

மகளக் கட்டிக் குடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. போன வாரம் சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க. சம்பந்தியம்மா தம்ளரத் தூக்கிப் பாத்துட்டு, குடிக்காம கீழ வச்சாங்க. எனக்கு உசுரே போயிருச்சு. அவங்க தெருமுனை தாண்டுறதுக்குள்ள பிளம்பருக்குப் போன் போட்டேன். சீனியம்மா கையப் பிடிச்சா, தம்பி. கல்யாணமாகி முப்பது வருஷத்துல இப்படி என் கையப் பிடிச்சதில்ல. "வேண்டாங்க, தரைய உடைக்க வேண்டாம்"னா. "ஏன்?"னு கேட்டேன். "மனசு சரியில்ல"ன்னா. ஜோசியம் எதுவும் பாத்தியான்னு திட்டிட்டுப் போனேன்.

பிளம்பர் ஜேசுராஜ். எங்க தெருவுக்கே அவன்தான். வந்தவன் கடப்பாரைய எடுத்து வாசல்லருந்து தோண்டிக்கிட்டே வந்தான். நல்ல வேலைக்காரன்தான், அதக் குறை சொல்ல முடியாது. துவைகல்லுகிட்ட வந்ததும் நின்னுட்டான். "அண்ணாச்சி, கல்ல நகட்ட வேண்டாம், சுத்தி எடுத்துப் போயிரலாம்"னான். "எதுக்குடா சுத்தணும், நேராப் போற குழாய்தானே?" "கல்லு உடைஞ்சிரும் அண்ணாச்சி." அவன் மூஞ்சியப் பாத்தேன். நான் சொன்னேன்ல, டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி. அதே மூஞ்சி. தேடாத பையத் தேடுற மாதிரி ஸ்பேனர் பையத் தேடுறான். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நானே கடப்பாரைய வாங்கி நெம்புனேன். கல்லு புரண்டுச்சு.

அடியில இது. இந்தா, இந்த டீ. இதோட மூணாவது வாயிலருந்து ஒரு குழாய் கெளம்பி, நான் வச்ச சுவருக்கு அடியில புகுந்து, பின்கட்டுக்குள்ள போகுது.

எனக்கு மொதல்ல புரியல. அப்பா வச்சதோன்னு நெனச்சேன். ஜேசுராஜ் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "மதினிதான் அண்ணாச்சி வைக்கச் சொன்னாங்க"ன்னான். நான் நாலு நாள் ராமேஸ்வரம் பக்கம் செக்கிங் போயிருந்தப்ப வச்சிருக்காங்க. அந்தப் பக்கம் வால்வு. மூணு தட்டுனா தம்பி பொண்டாட்டி வடிவு வால்வத் திறப்பா. ரெண்டு தட்டுனா மூடுவா. குழாய் இரும்புல்ல, தட்டுனா அங்க கேக்கும். காத்தாவது, அடைப்பாவது!

நிமிந்து பாக்குறேன், எதுத்த வீட்டு மாடியில மூணு பேர் நிக்குறாங்க. ஒருத்தர் மூஞ்சியிலயும் ஆச்சரியம் இல்ல. நான் எப்பக் கண்டுபிடிப்பேன்னு பன்னெண்டு வருஷமாக் காத்திருந்த மாதிரி நிக்குறாங்க. தெருவுக்கே தெரியும். மோர் குடிச்சிட்டுப் போன ஆளுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான் எல்லாருக்கும் தட்டச் சொல்லிக் குடுத்திருக்கேன்!

வயிறு எரியுது தம்பி. என் தம்பி இப்ப இல்ல. ஆறு வருஷமாச்சு, நெஞ்சு வலின்னு உக்காந்தவன் அப்படியே போயிட்டான். அன்னைக்கு மட்டும் போனேன், சாவுக்குப் போகாம இருக்க முடியுமா? நல்ல கோடை. தண்ணி வந்து அஞ்சு நாள் ஆச்சு. குளிப்பாட்டத் தண்ணிக்கு என்ன பண்ணப் போறாங்களோன்னு நெனச்சுக்கிட்டே போனா, அங்க டிரம்மு டிரம்மா நல்ல தண்ணி நிக்குது. விலைக்கு லாரித் தண்ணி வாங்குனாங்க போலன்னு நெனச்சேன். அவன் தலையில மொதச் சொம்பு ஊத்துனது நான்தான், அண்ணங்கிற முறைக்கு. அது என் குழாய்த் தண்ணி. எனக்கே தெரியாம என் தண்ணிய என் கையால ஊத்தியிருக்கேன். யார்கிட்ட போய்ச் சொல்ல?

ஜேசுராஜ் கேட்டான், "அண்ணாச்சி, புதுசுலயும் டீ போட்டுரவா? வடிவக்கா பிள்ளைங்க ரெண்டும் படிக்குதுங்க"ன்னு. அவ்வளவு துணிச்சல். "நேராப் போகட்டும்"னேன். பக்கத்துலயே நின்னு பாத்தேன். சுவருக்கு அடியில இருந்த ஓட்டைய சிமெண்டு வச்சு அடைக்கச் சொன்னேன். வாசல்லருந்து முற்றம் வரைக்கும் பளபளன்னு பிளாஸ்டிக் குழாய். அன்னைக்குத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

சீனியம்மா தட்ட எடுத்துப் போட்டா. சோறு வச்சா. நான்தான் பேசுனேன். என்னென்னமோ பேசுனேன். புருஷனுக்குத் துரோகம் பண்ணுனவன்னேன். திருடின்னேன். ஒழுங்கா இருந்த வீட்டக் கெடுத்தியேன்னேன். "அதது அவங்கவங்களுக்கு விழுந்த பங்கு, கடவுள் குடுத்தது, அத மாத்த நீ யாரு?"ன்னு கேட்டேன். அதுவரைக்கும் ரசத்த ஊத்திக்கிட்டு இருந்தவ கரண்டியக் கீழ வச்சா. உள்ள போனா. டிரங்குப் பெட்டி திறக்குற சத்தம் கேட்டுச்சு. சேலைக்கு அடியிலருந்து ஒரு காகிதத்த எடுத்துட்டு வந்து, தட்டுக்குப் பக்கத்துல வச்சா.

பழைய பஸ் டிக்கெட்டு. நாலா மடிச்சது. பிரிச்சேன். பின்பக்கம் என் கையெழுத்து. பின்கட்டு.

இல்ல, இது தம்பி எடுத்த சீட்டு இல்ல. அவன் எடுத்தத அவனே கொண்டு போயிட்டான். இது சொம்புல மிச்சம் இருந்தது.

"மறுநாள் சட்டையத் துவைக்கப் போட்டீங்கள்ல, பையில இருந்துச்சு"ன்னா.

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க? அவசரத்துல எழுதுனது, கை தவறியிருக்கும். அப்பா போனப்புறம் அந்தக் குடும்பத்த யாரு தூக்கி நிறுத்துனது? தம்பியப் படிக்க வச்சது யாரு? முன்கட்டு எனக்கு வந்தா என்ன தப்பு? அது இல்ல இப்ப விஷயம். விஷயம் என்னன்னா, பதிமூணு வருஷம் இதப் பெட்டியில வச்சிருந்திருக்கா. வச்சுக்கிட்டே எனக்குச் சோறு போட்டிருக்கா. வெந்நீர் போட்டுக் குடுத்திருக்கா, முதுகு தேச்சு விட்டிருக்கா. நான் அந்த டிக்கெட் எடுக்காதவனப் பிடிச்சேன், இந்த ஏமாத்துக்காரனப் பிடிச்சேன்னு வந்து சொல்லும்போதெல்லாம் "ம்"னு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. ஒவ்வொரு "ம்"முலயும் என்ன நெனச்சிருப்பா? அதத்தான் தாங்க முடியல தம்பி. ஒரு தடவ என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? சண்டை போட்டிருக்கலாம்ல? கேக்காமலே இருந்துட்டாளே. இதவிட ஒரு துரோகம் உண்டா, நீங்களே சொல்லுங்க.

மறுநாள் நாலு சேலைய ஒரு பையில வச்சுக்கிட்டுக் கெளம்பிட்டா. பிறந்த வீட்டுக்குப் போறாளாக்கும்னு பேசாம இருந்தேன். தெருவச் சுத்திக்கிட்டு, பின்சந்து வழியா, வடிவு வீட்டுக்குப் போயிட்டா. ஓரகத்தி வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கா. இருமுனா எனக்குக் கேக்குது.

திருமங்கலம் வந்துருச்சா? இல்ல, நான் மாட்டுத்தாவணி. நீங்க இங்கயா? சரி, இன்னும் ஒரு நிமிஷம் நிக்கும், கேட்டுட்டுப் போங்க.

நேத்து தண்ணி வந்துச்சு. புதுக் குழாய்ல மொதத் தண்ணி. கண்ணாடியாட்டம் வருது தம்பி, குடம் நிறைய எண்ணி அம்பது கூட ஆகல. எனக்கு எத்தனை குடம் வேணும்? நாலு குடம் பிடிச்சேன், டிரம்ம நிறைச்சேன். அது பாட்டுக்கு ஊத்துது. நிறைஞ்சு வழிஞ்சு தெருவுல ஓடுது. பின்சந்துல அவ குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு லாரிக்கு நிக்குறான்னு எதுத்த வீட்டம்மா என் காதுல விழுற மாதிரி சொல்லுது. அம்பது தாண்டுன வயசுல. மூட்டு வலிக்காரி.

கரண்டிய எடுத்தேன். தட்டுனேன். மூணு தட்டு.

பிளாஸ்டிக்குல்ல, டொக்கு டொக்குன்னு செத்த சத்தம். முற்றத்தத் தாண்டாது. இன்னும் கொஞ்சம் பலமாத் தட்டிப் பாத்தேன், குழாய்ல கீறல் விழுந்ததுதான் மிச்சம். அந்தப் பக்கம் ஒரு அசைவும் இல்ல. உள்ள காத்து அடைச்சிருக்கும்னுதான் தட்டுனேன் தம்பி, வேற எதுக்கும் இல்ல.

எறங்குறீங்களா? பாத்து எறங்குங்க. பைய மட்டும் மிதிச்சிராதீங்க. சீட்டா? அது இங்க சட்டப்பையிலதான் இருக்கு. அத மககிட்ட காட்ட மாட்டேன். குழாய மட்டுந்தான் காட்டுவேன்.